தாங்கு கம்பி இல்லாத வீட்டுக்குப் பளுக்கம்பி வேண்டாம்





தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை என நம் பகுதியில் எழும்பும் புதிய வீடுகள் பலவற்றில் இப்போது ஓர் அறை கூடுதலாக இடம்பெறுகிறது. வளைகுடாவில் வெயிலில் நின்று உழைத்த தகப்பனார், தம் மகனின் ஆசைக்காகக் கட்டித்தரும் உடற்பயிற்சி அறை அது. கண்ணாடி பதிக்கிறார்கள். வண்ண விளக்கு பொருத்துகிறார்கள். பாரம் சுமந்து குந்தி எழும் ‘ஸ்குவாட்’ பயிற்சிக்கென்று இரும்புச் சாமான்களை வரவழைக்கிறார்கள். மதரஸாவில் பாடம் நடத்தும் என்னைப் போன்றவர்களிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. இதற்கு மார்க்கத்தில் அனுமதி உண்டா? இது பெருமைக்கான காரியம் ஆகிவிடாதா? இரண்டும் நல்ல கேள்விகளே. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எவரும் கேட்பதில்லை. குந்திய பிள்ளையால் எழ முடியாமற்போனால், அவன் தோள்மீதிருக்கும் பாரத்தை எது தாங்கும்?

இக்கேள்விக்கு விடை இல்லாத வீட்டில் பளுக்கம்பியே நுழையக்கூடாது என்பதுதான் என் வாதம். கூடவே இன்னொன்றும் சொல்வேன். அந்த அறையில் எது வேண்டும் என்பதை வீட்டின் பலசாலியின் ஆசை தீர்மானிக்கக் கூடாது. வீட்டிலேயே பலம் குன்றியவரின் தேவைதான் தீர்மானிக்க வேண்டும். கடைக்காரருக்கும் பிள்ளைக்கும் இது கசக்கலாம். கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதலில், நம்மவர்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு பேச்சைக் களைய வேண்டியிருக்கிறது. “ஐவேளைத் தொழுகையே உடற்பயிற்சிதான், வேறு எதற்கு?” என்கிறார்கள். தொழுகை வணக்கம். அதை மருந்துச் சீட்டாகவும் பயிற்சி அட்டவணையாகவும் சுருக்குவது அதன் கண்ணியத்தைக் குறைப்பதாகும். அதன் அசைவுகளால் மூட்டுகளுக்கு நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு நாளின் கடமையான 17 ரக்அத்துகளில் 17 முறை தரையை நோக்கி இறங்குகிறோம். 34 ஸஜ்தாக்கள் செய்கிறோம். ஆயினும் தசை வலுப்பெற வேண்டுமானால் அது சுமக்கும் பாரம் படிப்படியாகக் கூட வேண்டும். தொழுகையில் அந்தப் பாரம் கூடுவதில்லை. கூட வேண்டிய அவசியமும் அதற்கில்லை. உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் நடை போன்ற இயக்கங்களுடன் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது.

நம் பள்ளிவாசல்களைப் பாருங்கள். நாற்காலி வரிசை ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. இயலாதவர் அமர்ந்து தொழுவது மார்க்கம் அளித்த சலுகை; அவரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. நான் கவலைப்படுவது, ஐம்பதைத் தொடுவதற்குள் அந்தச் சலுகை தேவைப்படும் நிலைக்கு நாமே நடந்து செல்வதைப் பற்றி. தரையில் ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்டவர்கள் மேசைக்கு ஏறிவிட்டோம். குந்தி அமரும் கழிப்பறைகளை இடித்துவிட்டோம். ஹவ்ளின் படியில் தாழ அமர்ந்து ஒளு செய்த இடத்தில் நின்றபடி குழாயைத் திருகுகிறோம். குந்தி எழும் வாய்ப்புகளை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டு, முழங்கால் போய்விட்டதே என்று வருந்துகிறோம்.

பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் சொன்னார்கள். கையையோ முழங்காலையோ ஊன்றியபோதெல்லாம் மதிப்பெண் குறைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், குறைந்த மதிப்பெண் பெற்றோரிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. எழ முடியாமையே அவர்களைக் கொன்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கால் வலுவும் உடல் எடையும் சமநிலையும் ஒருவரின் முழு ஆரோக்கியத்துக்குக் கண்ணாடியாக இருக்கின்றன என்பதே இதன் பொருள்.

ஆகவே குந்தி எழும் பயிற்சி நமக்குத் தேவை. வலிமையுள்ள முஃமினே அல்லாஹ்வுக்கு அதிக விருப்பமானவர், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்ற கருத்திலமைந்த நபிமொழியை (முஸ்லிம்) நாம் அறிவோம். இந்தப் பயிற்சி நமக்கு அந்நியமும் அன்று. நம் முன்னோர் ‘பஸ்கி’ என்று இதை அழைத்தார்கள். பயில்கின்ற கூடத்தைத் ‘தாலிம்கானா’ என்றார்கள். மதரஸாவில் நாம் சொல்லும் ‘தஃலீம்’, கற்பித்தல் என்ற பொருளுடைய அதே அரபுச் சொல்தான் அது. கற்பிப்பவர் இல்லாத இடம் தாலிம்கானா ஆகாது என்பதை அந்தப் பெயரே உணர்த்துகிறது.

இங்கே சிலர் எதிர்வாதம் செய்வார்கள். “காமா பஹல்வானிடம் என்ன கருவி இருந்தது? நம் ஊர் இளைஞர்கள் இளவட்டக்கல்லைத் தூக்கவில்லையா? அவர்களுக்கு எந்தத் தாங்கு கம்பி இருந்தது?” என்பார்கள். நியாயமான கேள்வி. ஊன்றிப் பார்த்தால் அது என் பக்கமே பேசுகிறது. 1878இல் பிறந்து, 1910இல் இலண்டனுக்குச் சென்று மல்லாடிய காமாவின் கால் வலு, நாள்தோறும் எடுத்த எண்ணற்ற பஸ்கிகளால் வளர்ந்தது. பஸ்கியில் முதுகின்மேல் இரும்பு இல்லை; முடியாதபோது தரையில் அமர்ந்துவிடலாம். இளவட்டக்கல்லை உடலின் முன்புறமாக அணைத்துத் தூக்கித் தோளுக்கு அப்பால் எறிவார்கள். முடியாதபோது கையை விட்டால் கல் தரைக்குப் போய்விடும். பழைய முறைகளில் தப்பிக்கும் வழி உள்ளேயே இருந்தது. பிடரிக்குக் கீழே, தோளின் பின்புறம் கிடக்கும் பளுக்கம்பியில் அந்த வழி எளிதன்று. நன்கு பயின்றவர்கள் அதைப் பின்னால் நழுவவிடுவார்கள். அதற்குத் திறந்த இடமும் ரப்பர் தட்டுகளும் நீண்ட பழக்கமும் வேண்டும். கண்ணாடி பதித்த பத்தடி அறையில் இம்மூன்றும் கிடையாது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு உள்ளன. 2023 ஜூலையில் இந்தோனேசியாவின் பாலித் தீவில், 33 வயதான உடற்பயிற்சியாளர் ஒருவர் 210 கிலோவைச் சுமந்து குந்தினார், எழ முடியவில்லை, கம்பி கழுத்தை அழுத்தியது, அவர் இறந்தார். 2025 பிப்ரவரியில் இராஜஸ்தானின் பிகானேர் நகரில், 17 வயதான வலுதூக்கும் வீராங்கனை ஒருவர் 270 கிலோவைச் சுமக்க முயன்றபோது கம்பி அவர் கழுத்தின்மீது விழுந்து உயிரிழந்தார். இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். இருவருக்கும் பின்னால் துணைக்கு ஆள் இருந்தார். ஆள் நிற்பது இரும்பு நிற்பதற்கு ஈடாகாது என்பதே இவற்றின் பாடம். நம் பிள்ளை சுமப்பது அதில் கால் பங்காக இருக்கலாம். அவனுக்குப் பின்னாலோ ஆள்கூட இல்லை. இஷாவுக்குப் பிறகு மாடியறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு தனியாக நிற்கிறான். ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. தனியே இருப்பவன் கழுத்தின்மீது விழுவதற்கு அதுவே அதிகம்.

“அல்லாஹ் காப்பான்” என்பது நம் நம்பிக்கை. அதைச் சோம்பலுக்குப் போர்வையாக்கக் கூடாது. ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படி அறிவுறுத்திய நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை மக்தபில் படிக்கும் சிறுவனும் அறிவான். குற்றாலத்துப் பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். அருவி விழும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறோம். அதை எவரும் கோழைத்தனம் என்பதில்லை. ஆனால் பளு தூக்கும் அறையில் மட்டும் தாங்கு கம்பி பொருத்தச் சொன்னால், “அதெல்லாம் புதியவர்களுக்கு” என்று சிரிக்கிறார்கள்.

இனி, கடைகளில் என்ன விற்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, தனித்தனியாக நிற்கும் இரண்டு தூண்கள். விலை குறைவு, இடம் குறைவு என்று இதையே முன்னால் காட்டுவார்கள். கம்பியை வைப்பதற்கு மேலே இரண்டு கொக்கிகள் உண்டு. கீழே தாங்குவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. களைத்தவன் கம்பியைத் திரும்ப வைக்கும்போது ஒரு பக்கம் தவறினால் தூணும் சேர்ந்து சாயும். இது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, ‘ஸ்மித் மெஷின்’. கம்பி தண்டவாளத்தில் செல்வதுபோல ஒரே பாதையில் ஏறி இறங்கும். மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். கீழே தடுப்பான் பொருத்தினால் விழும் அபாயம் குறைவு என்பது உண்மையே. ஆனால் ஒவ்வொருவரின் உடலும் தனக்கேற்ற பாதையில் குந்துகிறது. இந்த இயந்திரம் தன் பாதையில் உடலை வளைக்கச் சொல்கிறது. சமநிலை காக்கும் வேலையைப் பெருமளவு இயந்திரமே எடுத்துக்கொள்கிறது. பெரிய கூடத்தில் பலவற்றுள் ஒன்றாக இருக்கலாம். வீட்டின் ஒரே கருவியாக இருக்கத் தகுதியற்றது.

மூன்றாவது, அரைக்கூடு. இரண்டு வலுவான தூண்களும் அகன்ற அடிச்சட்டமும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தாங்கு கரங்களும் கொண்டது. நான்காவது, நான்கு தூண்களுடைய முழுக்கூடு. ‘பவர் ரேக்’ என்று விற்பார்கள். உள்ளே நின்று பயிலும்போது இரு பக்கமும் தாங்கு கம்பிகள் முன்னிருந்து பின்வரை ஓடும். வீட்டில் தனியே பயில்பவருக்கு இதுவே மிகப் பாதுகாப்பானது. இடம் போதாதவர்கள் மூன்றாவதை வாங்கலாம். அதற்குக் கீழே இறங்கக்கூடாது.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: “300 கிலோ தாங்கும் என்கிறீர்களே, அது மேலேயுள்ள கொக்கிக்கா, கீழேயுள்ள தாங்கு கரத்துக்கா?” வைத்த பாரத்தைச் சுமப்பது வேறு, விழும் பாரத்தை ஏற்பது வேறு. மழுப்பினால் திரும்பி வாருங்கள். தூணின் துளைகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உயரமான மகனுக்கும் குள்ளமான தாயாருக்கும் ஏற்றபடி தாங்கு கம்பியை மாற்ற முடியும். நீங்கள் குந்தும் ஆழத்தின் கடைசிப் புள்ளியில் கம்பி எங்கே நிற்கிறதோ, அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே தாங்கு கம்பி இருக்கட்டும். மேலேயுள்ள கொக்கி நெஞ்சளவில் இருக்கட்டும். எட்டி நின்று கம்பியை எடுப்பதும் வைப்பதும் ஆபத்து. வெறுங்கம்பியை ஒருமுறை தாங்கு கம்பியின்மேல் இறக்கிவைத்து, அதன் கீழிருந்து வெளியே வரப் பழகிய பிறகே தட்டுகளைத் தொட வேண்டும். தட்டுகள் நழுவாமல் பிடிக்கும் கவ்விகளை எப்போதும் மாட்ட வேண்டும். கழற்றும்போது இரு பக்கமும் மாறி மாறிக் கழற்ற வேண்டும். ஒரே பக்கத்தைக் காலி செய்தால் கம்பி மறுபக்கமாகத் தூக்கியடிக்கும்.

அறையின் அளவையும் கணக்கிடுங்கள். ஆண்களுக்கான முழு அளவுப் பளுக்கம்பி 2.2 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் கொண்டது. பெண்களுக்கானது 2.01 மீட்டர், 15 கிலோ. பத்தடி அறையில் ஆண்கள் கம்பியை வைத்தால் இரு பக்கமும் ஒரு முழம்கூட மிஞ்சாது. சுமார் 42 செண்டிமீட்டர்தான். அதற்குள் நின்றுதான் தட்டுகளை மாட்ட வேண்டும். மாடியைவிடத் தரைத்தளமே நல்லது. வீட்டு அறைத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வைத்துள்ள கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. அமைதியாக நிற்கும் பாரத்தைவிட, விழும் பாரம் தளத்தை அதிகம் தாக்கும். மாடியில்தான் இடம் என்றால், கட்டிய பொறியாளரைக் கேளுங்கள். ரப்பர் விரிப்பு அவசியம். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டாரின் உறக்கமும் நம் பொறுப்பே. இரவில் இரும்பு ஓசையால் அவர்களைத் துன்புறுத்திவிட்டுத் தஹஜ்ஜுதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை நம் வீட்டுச் சன்னல் வழியே சாரல் வரும் என்பதையும் மறவாதீர்கள். பூச்சு இல்லாத இரும்பு ஒரு பருவத்திலேயே துருப்பிடிக்கும். துரு ஏறிய கொக்கியும் திருகாணியும் பாரத்தைக் காக்கா. சன்னலை விட்டுத் தள்ளிவைத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள்.

இவ்வளவும் படித்தவர் மலைத்துப்போகலாம். “இத்தனைக்கும் இடமும் பணமும் இல்லையே” என்பவருக்கே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். முழு ரேக் வாங்க வசதியில்லை என்பதற்காக மலிவான தூண்களை வாங்காதீர்கள். பளுக்கம்பியே இல்லாமல் பயிலுங்கள். முழங்கால் உயர நாற்காலியில் கையூன்றாமல் அமர்ந்து எழுவதே முதற்படி. அது எளிதானதும் 5 கிலோ, பிறகு 10 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக் குந்துங்கள். பிறகு ஒரு ‘டம்பெல்’ அல்லது ‘கெட்டில்பெல்’ வாங்குங்கள். முடியாதபோது முன்னால் தரையில் வைத்துவிடலாம். இளவட்டக்கல்லின் நீதிதான் இது. 25 கிலோவை அணைத்தபடி நிதானமாகப் பத்துமுறை குந்தி எழுபவர் வீட்டில் எவரும் இல்லையென்றால், அந்த வீட்டுக்கு இன்னும் ரேக் தேவைப்படவில்லை. அதற்குமுன் வாங்குவது இஸ்ராஃப். கைலியும் துண்டும் காயப்போட அவ்வளவு விலையில் ஒரு கொடி எதற்கு? அதற்காக வட்டித் தவணையில் கடன் எடுப்பது இன்னும் மோசம். உடலை வளர்க்கிறேன் என்று ரிபாவைச் சுமப்பவனுக்கு எந்தத் தாங்கு கம்பியும் உதவாது.

இறுதியாக, அந்த அறை யாருக்கு? நம் பகுதியில் எத்தனை தாய்மார்கள் மடியில் சுளகை வைத்து மணிக்கணக்கில் பீடி சுற்றுகிறார்கள்! தரையில் அமர்வதால் மட்டும் அவர்கள் கால்கள் வலுப்பெறுவதில்லை. அசையாமல் இருப்பதால் இடுப்பும் முழங்காலும் இறுகிப்போகின்றன. ஆண்களும் பெண்களும் கலந்து பயிலும் கூடங்களுக்கு நம் பெண்கள் செல்லத் தயங்குகிறார்கள். அவர்களுக்குத் தகுந்த இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் சாவி பையனிடம் இருக்கிறது. நாற்பதைக் கடந்த தாயாருக்கும், மூட்டைப் பிடித்துக்கொண்டு ருகூஉவிலிருந்து நிமிரும் தகப்பனாருக்கும் பயன்படாத கருவி அந்த வீட்டுக்குப் பொருத்தமற்றது. அவர்கள் பயிலும்போது நீண்ட முந்தானையும் துப்பட்டாவும் கம்பியில் சிக்காத உடை அணியட்டும். ஆண்களும் தொடை தெரியும் அரைக்காற்சட்டையை விட்டுத் தளர்ந்த முழுக்காற்சட்டை அணியட்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களும், முழங்கால் தேய்ந்தவர்களும், அண்மையில் பிள்ளை பெற்றவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று உயர்த்தும்.

தகப்பன்மார்களே! பாலைவன வெயிலில் ஈட்டிய காசு அது. மகன் காட்டும் படத்தைப் பார்த்து ஆணை கொடுக்காதீர்கள். அவனை அருகில் அமர்த்தி ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “நீ தவறினால் எது தாங்கும்?” விடை சொன்னால் வாங்கிக் கொடுங்கள். பிறகு அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அவன் தாயையும் உள்ளே அழைத்துச் செல்லுங்கள். விடை இல்லையென்றால், அவன் கையில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கொடுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை.

முதுமையிலும் நெற்றியைத் தரையில் வைத்து, பிறர் கையைத் தேடாமல் எழுந்து நிற்கும் வலிமையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! நம் பிள்ளைகளின் உடல்களை அமானிதமாகக் காக்கும் தெளிவையும் தருவானாக! ஆமீன்.